டாக்டர் அண்ணன் நினைவாக, ஞாயிறு மாலை

அன்பு உறவுகளே,

அமெரிக்காவில் காலமான நம்ம டாக்டர் அண்ணனை நினைத்து, வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குத் தக்கலை வீட்டு முற்றத்தில் கூடுகிறோம்.

இங்கே எம்.பி.பி.எஸ். முடித்துப் போனவர், அங்கே மறுபடி தேர்வெழுதி, 4 வருடம் மனநல மருத்துவப் பயிற்சி எடுத்தார். பிறகு ராணுவ ரிசர்விலும் சேர்ந்தார். மாதம் ஒரு சனி ஞாயிறும் வருடத்தில் 2 வாரமும் சீருடை. அழைப்பு வந்தால் போர்முனைக்கும் போகணும். போரிலிருந்து திரும்பி உறக்கமில்லாமல் தவிக்கிறவர்கள் பேசுவதைக் கேட்பதுதான் அவர் வேலை. அந்தத் தவிப்புக்கு அமெரிக்க மருத்துவக் கையேட்டில் தனிப்பெயர் கிடைத்ததே 1980-இல்தான் என்பார்.

2017 ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத நாட்களில், தூத்தூர் பக்கத்துக் குடும்பங்களோடு ராத்திரி ராத்திரியாக போனில் இருந்தார். “அழ விடுங்க, தடுக்காதீங்க” என்று நம்மிடம் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

அம்மாவுக்கு அவர் போன் வராத ஞாயிறு கிடையாது. ஊருக்கு வந்தால் மரச்சீனியும் மீன்குழம்பும். பிள்ளைகளுக்கு மட்டிப்பழக் குலை. அந்தப் பிள்ளைகளுக்கு அவரே உட்கார்ந்து தமிழ் எழுதப் பழக்கினார்.

மைனியும் பிள்ளைகளும் வீடியோவில் வருவார்கள். பழைய போட்டோ இருந்தால் சனிக்கிழமைக்குள் இங்கே போடுங்கள்.