டெல்ஃப்டில் நீ வளர்ந்த விதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை நேற்று ராத்திரி படித்தேன். பையனைக் கீழே இருக்கிற பூங்காவுக்குத் தனியாக அனுப்பியதற்கு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் பஞ்சாயத்து வைத்துவிட்டார்கள் என்றும், உன் மாமியாரும் அவர்கள் பக்கமே பேசினார் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், "நீங்க என்னை அப்படித்தானே வளர்த்தீங்க?" என்று ஒரு கேள்வி. கோபமா பெருமையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்படித்தான் வளர்த்தோம். ஆனால் அதில் எங்கள் பங்கு நீ நினைக்கிறதைவிடக் குறைச்சல். நெதர்லாந்தில் இருக்கிற இந்த டெல்ஃப்ட் ஊர் அதற்கெல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. நாங்கள் கதவைத் திறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

நம் தெருவையே எடுத்துக்கொள். செங்கல் பாவிய தரை, நடுநடுவே மரம், நேராகப் போக முடியாதபடி வேண்டுமென்றே வளைத்து வைத்த வழி. தெருமுனையில் நீல நிறப் பலகை. அதில் ஒரு வீடும், பந்தோடு ஒரு குழந்தையும். வோனெர்ஃப் என்பார்கள். அந்த நாளில் அதற்குள் நுழைந்த கார் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போக வேண்டும் என்பது விதி. தெருவின் முழு அகலத்திலும் பிள்ளைகள் விளையாடலாம். 1976-லிருந்து இது சட்டம். அந்த யோசனை முளைத்ததே டெல்ஃப்டில்தான், அறுபதுகளின் கடைசியில். நீயும் எதிர்வீட்டுப் பெண்ணும் சாக்பீஸால் கட்டம் போட்டு நடுத்தெருவில் உட்கார்ந்திருப்பீர்கள். காரில் வருகிறவர் நிறுத்தி, நீங்கள் எழுந்திருக்கிற வரைக்கும் காத்திருப்பார். மதுரையில் பஸ் போகிற ரோட்டோரம் வளர்ந்த எனக்கு அது சினிமா செட் மாதிரி இருந்தது.

ஆனால் அது தானாக வந்ததில்லை. நம் பக்கத்து வீட்டுப் பாட்டிம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். 1971-ல் மட்டும் இந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் 3,000 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். மகளை அப்படிப் பறிகொடுத்த ஃபிக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகைக்காரர், 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று எழுதினார். அந்தத் தலைப்பையே பெயராக வைத்து ஓர் இயக்கம் கிளம்பியது. தாய்மார்கள் பிள்ளைகளோடு போய் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். 1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது, பிள்ளைகள் நெடுஞ்சாலையில் ரோலர் ஸ்கேட் போனார்களாம். அதைப் பாட்டிம்மா சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! நீ ஆறு வயதில் தனியாக ரொட்டிக் கடைக்குப் போய் வந்ததற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

அப்புறம் தண்ணீர். டெல்ஃப்டில் எங்கே திரும்பினாலும் கால்வாய், பாதிக்கு மேல் தடுப்புச் சுவரே கிடையாது. வேலி போடுவதற்குப் பதிலாக நீச்சல் கற்றுக்கொடுப்பது இவர்கள் வழி. ஏ, பி, சி என்று மூன்று டிப்ளமா. நீ ஏ டிப்ளமா வாங்கிய நாளை மறக்க மாட்டேன். சட்டை, பேன்ட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு குதிக்க வேண்டும், ஏனென்றால் கால்வாயில் விழுகிறவர் நீச்சலுடையில் விழுவதில்லை. தண்ணீருக்கு அடியில் ஒரு திரை, அதில் ஒரு ஓட்டை. அதன் வழியாக நுழைந்து வெளியே வர வேண்டும். நீ மேலே வருகிற வரைக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் மூச்சு விடவில்லை. உன் அப்பா வீடியோ எடுக்கிறேன் என்று முழுக்கத் தரையை எடுத்து வைத்திருந்தார்.

உன் பையன் கேட்டால் சொல்லத் தோதான கதைகளும் இருக்கின்றன. காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே சாக்லேட் துருவலைக் கொட்டித் தின்பதை ஒரு நாடே காலை உணவு என்கிறது. ஹாகல்ஸ்லாக் என்கிற அந்தத் துருவல் டப்பாவை நான் அலமாரியின் மேல் தட்டில் வைப்பேன், நீ நாற்காலி போட்டு எடுப்பாய். இட்லி வேண்டாம் என்று நீ அழுத வருஷங்கள் எனக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் கிடையாது. அந்த அரை நாளுக்குத்தான் நீ வாரம் முழுக்கக் காத்திருப்பாய். ஆரம்பப் பள்ளியில் வீட்டுப்பாடம் என்று ஒன்று வந்ததாகவே எனக்கு நினைவில்லை. யார் வீட்டில் விளையாடுவது என்று நீங்களே பேசி முடிவு செய்வீர்கள். ஒரு டீ, ஒரு பிஸ்கட். டப்பா உடனே மூடப்பட்டுவிடும். சாயங்காலம் ஆறு மணி ஆனால் அவர்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம், விருந்தாளிப் பிள்ளை கிளம்ப வேண்டும். பசியோடு வருகிற குழந்தையை எப்படி அனுப்ப மனசு வருகிறது என்று நான் பொருமுவேன். நம் வீட்டில் ஆறு மணிக்கு யார் இருந்தாலும் தட்டு போட்டுவிடுவேன். தோசை தின்ற உன் தோழிகளின் அம்மாக்கள் மறுநாள் சங்கடத்தோடு வந்து நன்றி சொல்லுவார்கள்.

பிறந்தநாள் இன்னொரு விநோதம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். வருகிறவர் உனக்கு மட்டுமில்லாமல் எனக்கும் அப்பாவுக்கும் கை கொடுத்து வாழ்த்துவார். பெற்றது நான்தானே, நியாயம்தான்! வகுப்பில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு நீ ஒவ்வொரு ஆசிரியரிடமும் தின்பண்டத் தட்டோடு போய் வருவாய். திராட்சைப் பெட்டியில் காது ஒட்டி முயல் செய்ய ராத்திரி பன்னிரண்டு மணி வரை நான் உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியாது.

மகாராணி பிறந்தநாள் என்று ஏப்ரல் 30-இல் கொண்டாடுவார்களே, இப்போது ராஜா வந்த பிறகு 27 ஆகிவிட்டது, அன்றைக்கு யார் வேண்டுமானாலும் தெருவில் கடை போடலாம். நீ போர்வையை விரித்து உன் பொம்மைகளை விற்றாய். அப்போதைய டச்சுக் காசில் ஒரு கில்டருக்குப் பேரம் பேசி ஒரு கரடி பொம்மையை விற்றுவிட்டு, அந்தக் காசில் நாலு போர்வை தள்ளிப் போய் இன்னொரு பிள்ளையின் பழைய கரடியை வாங்கி வந்தாய். வியாபாரம் உனக்கு வராது என்று அப்பா அன்றே முடிவு செய்துவிட்டார்.

1997 ஜனவரி உனக்கு நினைவிருக்கிறதா? ஃப்ரீஸ்லாந்தில் பதினொரு ஊர்களைச் சுற்றிப் பனிக்கட்டியின் மேல் 200 கிலோமீட்டர் அளவுக்கு ஸ்கேட்டிங் செய்து போகிற அந்தப் பந்தயம் ஜனவரி 4-ஆம் தேதி நடந்தது. நாடே டிவி முன்னால். அதற்குப் பிறகு இன்று வரைக்கும் நடத்துகிற அளவுக்குப் பனி கெட்டிப்படவில்லை. நீ நம் சமையலறை நாற்காலியைத் தள்ளிக்கொண்டே உறைந்த கால்வாயில் ஸ்கேட்டிங் பழகினாய். அந்த நாற்காலியின் கால் இன்னும் ஆடுகிறது.

சரி, எல்லாம் தேன் என்று எழுதினால் நீயே சிரிப்பாய். டிசம்பர் 5 பரிசு ராத்திரிக்காக அடுப்போரம் ஷூ வைத்து, குதிரைக்குக் கேரட் வைத்து, 'ர' என்று தொடங்கும் உன் பெயரின் முதல் எழுத்து வடிவில் சாக்லேட் கிடைக்கும் என்று காத்திருப்பாய். அந்தப் பரிசைக் கொண்டுவருகிற சின்டர்கிளாஸ் தாத்தாவின் ஊர்வலத்தில், முகத்தில் கறுப்புப் பூசிய 'பீட்' என்ற உதவியாளர்கள். ஒரு குட்டிப் பையன் உன் அப்பாவைப் பார்த்து "நீயும் பீட்டா?" என்று கேட்டான். அப்பா சிரித்துச் சமாளித்தார். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசவில்லை. இப்போது பல ஊர்களில் பீட்டின் முகத்தில் கரி தீற்றல் மட்டும்தான். அதற்கும் எத்தனை வருஷம் சண்டை போட வேண்டியிருந்தது!

இன்னொன்று, பன்னிரண்டு வயதில் பிள்ளை எந்த வகைப் பள்ளிக்குப் போகும் என்று பிரிக்கிறார்களே, அதை நான் இன்று வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. உனக்கும் பள்ளியில் ஒரு படி கீழான வகையைத்தான் எழுதினார்கள். அப்பா மதிப்பெண் தாளோடு போய் உட்கார்ந்து பேசிய பிறகு மாறியது. பேசத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? யுனிசெஃப் பணக்கார நாடுகளின் குழந்தைகள் நலனை ஒப்பிட்டுப் பார்க்கிற அறிக்கையில் 2007, 2013, 2020 மூன்று முறையும் இந்த நாடுதான் முதலிடம். செய்தி வரும்போதெல்லாம் இங்கே எல்லோரும் நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். நானும் கைதட்டுகிறேன், ஆனால் இந்தக் கேள்வியோடு.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நீ பரீட்சையில் பாஸான நாள். வீட்டு முன்னால் கொடிக்கம்பத்தில் கொடி, அதன் நுனியில் உன் பழைய புத்தகப்பை. தெருவில் போகிற முகம் தெரியாதவர்கள்கூட சைக்கிள் மணி அடித்து வாழ்த்தினார்கள். பன்னிரண்டு வயதில் முகாமில் கண்ணைக் கட்டி ராத்திரி காட்டுக்குள் இறக்கிவிட்டு "வழி கண்டுபிடித்து வா" என்றார்களே, அந்த ட்ராப்பிங் ராத்திரி நான் தூங்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீ காலையில் சேறு பூசிய காலோடு நின்று, பாதை தப்பியது எப்படி, பிறகு ஒரு சர்ச் கோபுரத்தை அடையாளம் வைத்து வந்தது எப்படி என்று விடாமல் சொன்னாய்.

இப்போது உன் பிரச்சினை. சென்னையில் இதை அப்படியே செய்ய முடியாது, செய்யவும் கூடாது. மெயின் ரோட்டில் ஆறு வயதுப் பிள்ளையை சைக்கிளில் விட்டால் நானே உன்னைத் திட்டுவேன். அசோசியேஷன்காரர்களோடு சண்டை போடாதே. அவர்கள் பயப்படுவது பூங்காவைப் பார்த்து இல்லை, கார் பார்க்கிங்கைப் பார்த்து என்று நினைக்கிறேன். அந்தப் பயம் நியாயமானது. உன்னைப் போல யோசிக்கிற ரெண்டு மூன்று அம்மாக்களைச் சேர்த்துக்கொள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரைக்கும் உள்ளே கார் ஓடாமல் கேட்டுப் பக்கம் ஒரு கயிறு கட்ட அனுமதி கேள். முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேள், அதற்கு மறுக்க மாட்டார்கள். மாமியாரையும் கீழே ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார், நாலு பேரோடு பேசினது மாதிரியும் இருக்கும்.

நீச்சல் வகுப்பை மட்டும் தள்ளிப் போடாதே. ஃபீஸ் எவ்வளவு என்று விசாரித்து எழுது, நான் அனுப்புகிறேன். நன்றாக மிதக்கப் பழகியதும் சட்டை பேன்ட்டோடு ஒரு தடவை இறக்கச் சொல்லு. வாத்தியார் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். ஏப்ரலில் வருகிறீர்களா இல்லையா என்று சீக்கிரம் சொல். பரணில் உன் பொம்மைகள் ரெண்டு பெட்டி இருக்கின்றன, அவனே உட்கார்ந்து விற்கட்டும்.

அன்புடன்,
அம்மா