எந்தத் தைம்?

ஆசிரியருக்கு,

காட்டு மூலிகை எண்ணெய்கள் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தைம் என்ற வாசனை மூலிகையின் எண்ணெயில் தைமால் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, அது கிருமிகளைக் கொல்லும் என்று ஒரு சோதனையைக் குறிப்பிட்டு ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆய்வகத்தில், எண்ணெயில் என்னென்ன பொருள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் வாயு குரோமட்டோகிராஃபி கருவியோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அந்த வரியைச் சும்மா தாண்டிப் போக மனம் வரவில்லை.

தெற்கு பிரான்சில், மான்பெலியே பக்கம், தைம் காட்டுச்செடியாகவே வளர்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். எண்ணெயை வடித்துக் கருவியில் செலுத்தினால் ஒரு செடியில் தைமால் ஓங்கி நிற்கும், பக்கத்துச் செடியில் கார்வக்ரால், இன்னொன்றில் லினலூல், வேறொன்றில் ஜெரானியால். இப்படி ஒரே செடியினத்துக்குள் எண்ணெயில் ஓங்கி நிற்கும் பொருளால் வேறுபடும் பிரிவுகளை வேதிவகைகள் என்பார்கள். மொத்தம் 6 வேதிவகைகள் அங்கே உண்டு. தைமாலும் கார்வக்ராலும் பீனால்கள் என்ற வேதிக் குடும்பம். மூக்கைத் துளைக்கும், தோலில் பட்டால் எரியும். (ஓமத்தின் நெடியும் தைமால்தான்.) லினலூல் வகையோ பூமணம், சாது.

பருவத்துக்கும் அறுவடைக்கும் ஏற்ப அளவுகள் கூடும், குறையும். அது வேறு. வேதிவகை மரபணுவில் உள்ளது. பெயர்த்து வேறிடத்தில் நட்டாலும் மாறாது. ஆனால் எந்த வகை எங்கே பிழைக்கும் என்பதைக் குளிர் தீர்மானிக்கிறது. குளிர்காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. பீனால் வகைகளுக்குக் கடும் உறைபனி ஆகாது, எனவே அவை மேட்டுச் சரிவுகளில் நிற்கும். 1970-களின் நிலையோடு ஒப்பிட்டு 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. உறைபனியின் கடுமை தணிந்த பிறகு, முன்பு தலைகாட்டாத இடங்களிலும் பீனால் வகைகள் வந்துவிட்டனவாம். எனக்குப் பிடித்த ஆய்வு அது.

இதெல்லாம் வெறும் வாசனை விவகாரம் என்று விட்டுவிட முடியாது. வசம்பில், செல்லில் குரோமோசோம் தொகுதிகள் நான்கு உள்ள நான்மடி வகையில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் மிகுதி. மூன்று தொகுதி உள்ள மும்மடி வகையில் கொஞ்சம்தான். எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கிய பொருள் அது. அமெரிக்கா 1968-ல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. புட்டியில் ‘வசம்பு எண்ணெய்’ என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளே எது இருக்கிறதென்று யார் சொல்வது?

சரி, என் கோரிக்கை சின்னதுதான். கட்டுரை குறிப்பிடும் சோதனையில் எந்த வேதிவகை எண்ணெய் பயன்பட்டது, அதில் தைமால் எத்தனை சதவீதம் என்பதைக் கட்டுரையாளரிடம் கேட்டு அடுத்த வாரப் பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர் ஒருவர்