ஸ்டர்ஜனுக்குக் குஞ்சு மட்டும் போதாது

கடலூர் முதுநகர்
ஐப்பசி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தாய், மனம் குளிர்ந்தது. இங்கே கெடிலம் செம்மண் கலங்கலோடு கடலில் விழுகிறது.

நீ கேட்டது நியாயமான கேள்வி. கெண்டைக்கு ஹார்மோன் ஊசி போட்டுக் குஞ்சு எடுக்கும் வித்தை 1957-லேயே நம் நாட்டில் கைவந்துவிட்டது. கடலில் வளர்ந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் பெரிய மீனான சீன ஸ்டர்ஜனுக்கும் ஊசிதானே, லட்சம் லட்சமாகப் பொரித்து யாங்சி ஆற்றில் விட்டால் இனம் பிழைக்காதா என்கிறாய். 1983 முதல் சீனாவில் அதைத்தான் செய்து வருகிறார்கள். அப்படியும் 2013-ல் முதல் முறையாக ஆற்றில் முட்டை கண்ணில் படவில்லை. 2016-ல் கொஞ்சம் தென்பட்டது. 2017-லிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து ஒன்றுமே இல்லை.

குஞ்சு எடுப்பது சுலபம் என்றும் நினைத்துவிடாதே. உன் ரோகு ஊசி போட்ட ஆறேழு மணி நேரத்தில் முட்டை விடும், 28 டிகிரித் தண்ணீரில் மறுநாளே பொரியும். ஸ்டர்ஜனில் ஊசிக்கு முன்பே வேலை இருக்கிறது. வயிற்றில் சின்னக் குழாயை விட்டுச் சில முட்டைகளை எடுத்து, சில நிமிடம் வேகவைத்து, ஐஸில் ஆறவைத்து, பிளேடால் நெடுக்குவாட்டில் இரண்டாக வெட்டுவார்கள். லென்ஸில் பார்த்தால் உட்கரு தெரியும். முட்டையின் மேல் முனைக்கும் உட்கருவுக்கும் உள்ள தூரத்தை முட்டையின் முழு நீளத்தால் வகுத்து, 0.1 அல்லது அதற்குக் கீழே வந்தால் மீன் தயார். அதற்கு மேலே போகப் போக ஊசி வீண், மீனும் நொந்துபோகும். மருந்தில் பத்தில் ஒரு பங்கை முதலில் போட்டு, அரை நாள் கழித்து மீதியைப் போடுவது வழக்கம்.

அடுத்த சிக்கல் முட்டையை வெளியே எடுப்பது. ஸ்டர்ஜனின் முட்டைகள் வயிற்றறைக்குள் உதிர்ந்து கிடக்கும். முட்டைக் குழாயின் வாய் முன்பக்கம் தள்ளி இருப்பதால் கெண்டையைப் போலப் பிதுக்கினால் கொஞ்சம்தான் வரும். முன்பு வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள், தாய்மீன் செத்தது. இப்போது இனப்பெருக்கத் துளை வழியாகக் கத்தியை விட்டு அந்தக் குழாயின் சுவரில் சிறு கீறல் போடுகிறார்கள்; முட்டை தானே வழிகிறது, மீன் பிழைக்கிறது. பதினைந்து இருபது வருடம் வளர்ந்த மீனைக் கொல்லாமல் விட வழி கிடைத்ததுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பெரிய முன்னேற்றமாகப் படுகிறது.

விந்தை நேரடியாக ஊற்றக் கூடாது. கெண்டை முட்டையில் விந்தணு நுழைய ஒரே துளை. ஸ்டர்ஜன் முட்டையில் பல. கெட்டியாக ஊற்றினால் ஒரே முட்டைக்குள் பல அணுக்கள் நுழைந்து கரு கெட்டுவிடும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி என்று கரைத்து ஊற்றி, இரண்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். அதோடு முட்டை பசைபோல ஒட்டும். ஆற்றில் கூழாங்கல்லைப் பிடித்துக்கொள்ள அந்தப் பசை வேண்டும். முட்டை பொரிக்கும் ஜாடியில் அதுவே எமன். மெல்லிய களிமண் கரைசலில் முக்கால் மணி நேரம் விடாமல் அளைந்து பசையை எடுக்காவிட்டால் முட்டைகள் கட்டிகட்டியாகச் சேரும், உள்ளே இருப்பது மூச்சுமுட்டிச் சாகும், செத்ததில் பூஞ்சை பிடித்துப் பக்கத்தில் உள்ளதற்கும் பரவும். 17 டிகிரியில் பொரிய ஐந்தாறு நாள் ஆகும். பொரித்த பிறகு குடலில் ஒரு கறுப்பு அடைப்பு இருக்கும்; அது வெளியேறியதும் இரை கொடுக்கவேண்டும். பிந்தினால் ஒன்றன் வாலை ஒன்று கடிக்கும்.

இவ்வளவும் மனிதனால் முடிந்துவிட்டது. முடியாதது ஆறு. கடலில் வளர்ந்த சீன ஸ்டர்ஜன் கோடையில் முகத்துவாரம் நுழைந்து, ஒரு வருடத்துக்கு மேல் இரை எடுக்காமல் மேலேறி, மறு ஐப்பசி வாக்கில், அக்டோபர் நவம்பரில், முட்டையிடும். கடலிலிருந்து 2,500 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது அதன் பழைய இடம். 1981-ல் யாங்சியில் கெஜோபா அணை குறுக்கே நின்றது. அணைக்குக் கீழே சில கிலோமீட்டர் பாறையும் கூழாங்கல்லும் உள்ள இடத்தில் அந்த மீன் ஒண்டிக்கொண்டது. அந்த இடம் குறுகல். கெளுத்தி வகைகள் முட்டையை மொய்த்துத் தின்றன. அதையும் தாங்கியது. 2003-ல் மேலே மூன்று பள்ளத்தாக்கு அணையில் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். பெரிய தேக்கம் கோடை வெப்பத்தைப் பிடித்துவைத்து இலையுதிர்காலத்தில் மெல்ல விடுகிறது. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் முட்டையிடும் மீன், அது ஆறக் காத்திருக்கிறது. அதற்குள் சினை பழுத்து வீணாகிறது. அணையைத் தாண்டி மீன் ஏற மீன் ஏணி கட்டினால் சரியாகும் என்பவர்களுக்கு இதுதான் பதில்: வழி திறந்தாலும் குளிர் வர வேண்டும்.

குஞ்சுகளுக்கு வேறு கஷ்டம். ஆற்றோடு இறங்கி முகத்துவாரத்தில் சில மாதம் தங்கித்தான் உப்புக்குப் பழகும், நம் உப்பனாற்றில் மடவைக் குஞ்சு தங்குவதுபோல. அங்கே வலை அதிகமாக இருந்தது, கப்பலும் அதிகம். 2021 ஜனவரி முதல் யாங்சியில் பத்தாண்டு மீன்பிடித் தடை போட்டிருப்பது நல்ல காரியம். பெண் மீன் பருவத்துக்கு வர 14 முதல் 26 வருடம் ஆவதால் பலனுக்குப் பொறுத்திருக்க வேண்டும்.

2022-ல் ஸ்டர்ஜனின் உறவான யாங்சியின் துடுப்புமூக்கு மீன் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். இன்னொரு உறவான யாங்சி ஸ்டர்ஜன் இயற்கையில் அற்றுப்போய் வளர்ப்பில் மட்டும் மிஞ்சியதாகவும் அதே ஆண்டு அறிவித்தார்கள். அமெரிக்காவில் கென்னபெக் ஆற்றின் எட்வர்ட்ஸ் அணையை 1999-ல் உடைத்ததும் ஸ்டர்ஜன்கள் தம் பழைய எல்லை வரை ஏறின. ஊசியும் வேண்டாம், ஜாடியும் வேண்டாம்.

மேட்டூர் அணை 1934-ல் வந்த பின் காவிரியில் கடலிலிருந்து உல்லம் மீன் (ஹில்சா) ஏறுவது அருகிப்போனதையும் இதோடு சேர்த்து யோசி. புதுவைப் பெரிய மார்க்கெட்டுக்குப் போகும்போது உல்லம் வந்தால் விசாரி: கடலில் பிடித்ததா, ஆற்று வாயிலா, வயிற்றில் சினை இருந்ததா, எந்த மாதம். தேதி போட்டு எழுதி அனுப்பு. இந்தப் பக்கத்து விவரத்தை நான் கொள்ளிடக் கரையில் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்