வெள்ளிக்கிழமையைக் காலியாக வைத்தவர்களுக்கு

செல்போனில் தினம் ஒரு மூன்று வரி ஹைக்கூ கவிதை போட்டுப் பேசும் நம் குழுவில் இருக்கிற பதினாறு பேருக்கும், குழுவில் இல்லாமலே என்னை இதற்குள் கொண்டுவந்து விட்டவர்களுக்கும் ஆத்தங்குடியிலிருந்து வணக்கம்.

போன மாதம் ஆச்சி வீட்டு வளவில், அந்த நடு முற்றத்தில், எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் ஒரு நோட்டை என் கையில் கொடுத்தீர்கள். ஐந்து வருடத்தில் நான் எழுதியவற்றில் 112 கவிதைகளைப் பொறுக்கி, ஆளுக்கு ஏழு என்று பங்கு போட்டு, அவரவர் கையெழுத்தில் எழுதியிருந்தீர்கள். பதினாறு விதமான கையெழுத்து. ஊருக்கு ஊர் தபாலில் சுற்றி வந்த நோட்டு அது என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. சாப்பாடு ஆறுகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டேன். அன்று சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன். மூன்று வரியில் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காரைக்குடியில் செல்போன் கடையில் இருந்த அந்தப் பெண்ணுக்கு. முப்பது வருடமாகத் தரைக்குப் பதிக்கும் கல் செய்து சிமெண்டில் கிடந்த கை இது. விரல் ரேகை வைத்துத் திறக்கும் பூட்டு என் விரலுக்குத் திறக்காது, அவ்வளவு தேய்ந்திருக்கிறது. எழுத்துப் பலகையில் ஒன்றைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும். அந்தப் பெண் எழுத்துகளைப் பெரிதாக்கிக் கொடுத்து, தமிழில் பேசினாலே எழுத்தாக விழும் வழியையும் பொறுமையாகக் காட்டினாள். கடையில் அத்தனை கூட்டம் இருந்தும் என்னை அவசரப்படுத்தவில்லை. நான் முதலில் பேசிப் பார்த்த சொல் ‘மழை’. திரையில் மழை என்று விழுந்தது. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அதைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினேன்.

அடுத்து என் பட்டறை முதலாளிக்கு. வேலைக்கு நடுவில் ஒரு வரி தோன்றினால் தூவுவதற்கு வைத்திருக்கும் மணலில் விரலால் எழுதிப் பார்ப்பேன். அவர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. நான் எழுதிய வரியைப் படித்துவிட்டு அதைக் கலைக்காமல் தள்ளி நடந்து போனவர் அவர். மணலில் ஒரு கை அகலத்துக்கு மேல் எழுத இடம் இருக்காது. குறைத்து எழுதும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் தொடங்கியது.

அதற்கு முன் கவிதை என்றால் நீளமானது, மேடையில் ஏறிக் கணீரென்று சொல்ல வேண்டியது என்று நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் விழாவுக்குச் சின்ன வயதில் அப்பா என்னைக் கூட்டிப் போவார். பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு எழுதியவரைப் பற்றி அறிஞர்கள் மணிக்கணக்காகப் பேசுவதைக் கேட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். கம்பர் மேல் வைத்த மரியாதை இன்றைக்கும் ஒரு இம்மி குறையவில்லை. ஆனால் அது படித்தவர்களின் இடம், நமக்கில்லை என்ற எண்ணமும் கூடவே வளர்ந்துவிட்டது.

அந்த எண்ணத்தைக் கழற்றிப் போட்டவர் தேவகோட்டை ஆசிரியர் ஐயா. குழுவைத் தொடங்கியவர், முறை வைத்தவர். காலை 6 மணிக்கு அன்றைய முறைக்காரர் ஒரு கவிதை போட வேண்டும். முறை ஏழு பேருக்கு, மற்றவர்கள் வாசித்துப் பேசுகிறவர்கள். ‘அருமை’ என்று எழுதக் கூடாது, கைதட்டும் படம் போடக் கூடாது. எந்தச் சொல் நிற்கிறது, எந்தச் சொல் சும்மா இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். முதலில் இது எனக்குக் கடுமையாகத்தான் இருந்தது. இப்போது வேறு எங்காவது பாராட்டு மழை பெய்வதைப் பார்த்தால், அந்தக் கவிதையை யாருமே வாசிக்கவில்லையோ என்று கவலையாக இருக்கிறது.

ஐயாதான் நமக்குச் சிறிய கவிதை புதிதில்லை என்று சொல்லித் தந்தார். குறள் ஏழு சீர். குறுந்தொகைப் பாட்டு நான்கு அடியிலிருந்து எட்டு அடி. ஐங்குறுநூறு மூன்றிலிருந்து ஆறு. ஜப்பானில் ஹைக்கூவை 5, 7, 5 என்று அசை எண்ணி எழுதுகிறார்கள், அந்தக் கணக்கு தமிழ் அசைக்குப் பொருந்தாது, அதனால் இங்கே மூன்று வரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்றார். நான் அதுவரை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதை விட்ட அன்றைக்கு ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு ஒன்றை அவர் குரலில் பதிந்து அனுப்பினார். சிவகங்கைப் பக்கம் இருக்கிற ஒக்கூர்தான் அவர் ஊர் என்பார்கள். குறுந்தொகையில் ஐந்தே அடி. இளமையை எண்ணிப் பார்க்காமல் பொருள் தேடிப் போனவர் வரவில்லை, எங்கே இருக்கிறாரோ தெரியவில்லை. கார்காலமோ முல்லை மொக்குகளைப் பல்லாக வைத்துக்கொண்டு சிரிக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் வேலை ஓடவில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்களின் ஊர் இது. எத்தனை வளவுகளில் எத்தனை பெண்கள் அந்த ஐந்து அடியை வாழ்ந்து முடித்திருப்பார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒருத்தி எங்கள் தெருவைப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. ஐயா, அந்த ஒரு பதிவுக்காக மட்டும் தனியாக உங்களுக்கு ஒரு கும்பிடு.

மலேசியாவில், ஈப்போவில் இருக்கிற அக்காவுக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு மாதிரி. அவர் குடும்பத்துப் பெரியவர் எங்கள் பக்கத்துப் பள்ளத்தூரிலிருந்து கப்பல் ஏறியவர். அக்கா பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான். நான் குழுவில் போட்ட முதல் கவிதை உங்களுக்கு நினைவிருக்கும்:

யாருமில்லாத பெரிய வீட்டில்
தனிமையில் வாடும் வளவில்
சோகமாகப் பெய்கிறது மழை

தனிமை, வாடும், சோகம் மூன்றையும் எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள் தம்பி, அப்போதும் சோகம் இருக்கிறதா என்று சொல்லுங்கள் என்று அக்கா கேட்டார். எடுத்துப் பார்த்தேன். இருந்தது, முன்னைவிட அதிகமாக. இரண்டு நாள் கழித்து இப்படிக் கொண்டுவந்தேன்:

பூட்டிய வீட்டுக்குள்
சாவி இல்லாமல்
மழை

எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அக்கா நேரடியாகவே சொன்னார்: ‘சாவி இல்லாமல்’ என்பதில் நீங்கள் தெரிகிறீர்கள், மழை தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குக் கோபம்தான் வந்தது. காலையில் மணலில் எழுதினேன்:

பூட்டிய வீடு
வளவில்
மழை

அக்கா, அன்றைக்கு நீங்கள் பதில் எதுவும் எழுதவில்லை. உங்கள் வீட்டு வாசலில் பெய்துகொண்டிருந்த மழையைச் சின்னப் படமாக எடுத்து அனுப்பினீர்கள். அதைவிடப் பெரிய பதில் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

சிவகாசியில் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்த அண்ணனை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. நான் ‘மழைப் பெய்கிறது’ என்று எழுதுவேன். எழுவாய்க்குப் பின்னால் வினை வந்தால் வலி மிகாது, நடுவில் ‘ப்’ வேண்டாம் என்று தனியாக எனக்கு மட்டும் செய்தி அனுப்புவார். குழுவில் எல்லோர் முன்னாலும் ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அந்தத் தனிச்செய்தியின் அருமை தெரியும். பெரிய கட்டுரையில் ஒரு ‘ப்’ கூடினால் கண் தாண்டிப் போய்விடும். ஐந்து சொல்லில் கூடினால் காலில் முள் மாதிரி நிற்கும்.

இனி, எழுதாதவர்களுக்கு. குழுவில் ஒன்பது பத்துப் பேர் இன்றுவரை ஒரு கவிதையும் எழுதியதில்லை. தினமும் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். என் தொழிலை வைத்துச் சொன்னால்தான் இவர்கள் செய்வது என்ன என்று என்னால் சொல்ல முடியும். ஆத்தங்குடிக் கல்லைத் தலைகீழாகத்தான் செய்வோம். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சை உள்ளே இறக்கி, ஒவ்வொரு கண்ணிலும் ஒரு நிறத்தை ஊற்றுவோம். அச்சைத் தூக்கிவிட்டு மேலே சிமெண்டும் மணலும் கலந்த உலர் கலவையைத் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டுவோம். ஆகவே பூ அடியில், கண்ணாடிப் பக்கம் இருக்கும். செய்கிறவன் கண்ணுக்குத் தெரிவது கல்லின் முதுகுதான். காய்ந்து, சில நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடந்து, கண்ணாடியை விட்டு வரும்போதுதான் முகம் தெரியும். என் கவிதைக்கு நான் முதுகுப் பக்கம் நின்றேன், நீங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்.

சென்னையில் இருக்கிற ஆச்சி அப்படி ஒருவர். அந்த மழைக் கவிதைக்கு, “இது எங்கள் வீடு” என்று மூன்றே சொல் எழுதினார். கானாடுகாத்தானில் ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடு. அதைத் திறந்து, தூசி தட்டி, நாம் எல்லோரும் கூடுவதற்குக் கொடுத்தார். கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் மண்டிக் குழம்பும் செய்து, பட்டாலைக் கூடத்தில் இலை போட்டுப் பரிமாறினார். ஆச்சி, அன்று மதியம் வளவில் வெயில்தான் இருந்தது, மழை வரவில்லை. ஆனால் நீங்கள் தூணைப் பிடித்துக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

சாயங்காலம் உங்களை எல்லாம் காரைக்குடிக்குக் கூட்டிப் போனேன். பாரதியார் 1919இல் அங்கே இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்திருந்தார். கையில் தடியோடு அவர் நிற்கும் படம் அப்போது எடுத்தது. அதற்கு மூன்று வருடம் முன்னால், 1916 அக்டோபரில்தான் சுதேசமித்திரனில் ‘ஜப்பானியக் கவிதை’ என்று கட்டுரை எழுதி அந்தச் சின்னப் பாட்டைத் தமிழனுக்குக் காட்டியிருந்தார். இரண்டும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். சேர்த்துப் பார்க்க வைத்தது ஆசிரியர் ஐயா. ஹைக்கூவைத் தமிழுக்குச் சொன்ன மனிதர் எங்கள் ஊர்ப் புழுதியை மிதித்திருக்கிறார் என்று நினைத்தபோது என் கால் கொஞ்ச நேரம் நகரவில்லை.

இப்போது, இந்த மடலை எழுத வைத்த காரியத்துக்கு வருகிறேன்.

போன வருடம் மார்கழியில் அம்மா போய்விட்டார். பனை ஓலையில் கொட்டான் என்கிற கூடை முடைந்தே எங்களை வளர்த்தவர். வெள்ளிக்கிழமை என் முறை. அந்த வெள்ளி என்னால் எழுத முடியவில்லை, சொல்லவும் இல்லை. நீங்கள் யாராவது அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம், எழுதக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். நிரப்பவில்லை. வியாழன் இரவோடு பேச்சு நின்றது, சனி காலை 6 மணிக்குத்தான் மறுபடி தொடங்கியது. அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளியும். யாரும் ஆறுதல் சொல்லவில்லை, எப்போது வருவாய் என்று கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏதேதோ பேசிக்கொண்டிருந்த நாட்களில் வாரத்தில் ஒரு நாள் எனக்காக ஒரு இடம் சத்தமில்லாமல் இருந்தது. ஏழு வெள்ளிக்கிழமைகள். எட்டாவது வெள்ளி விடியற்காலை அம்மாவின் பெட்டியைத் திறந்தபோது இது வந்தது:

பாதி முடைந்த கொட்டான்
அம்மாவின் விரல் விட்ட இடத்தில்
ஓலை நிமிர்கிறது

‘அம்மாவின்’ வேண்டாம், ‘விரல் விட்ட இடம்’ போதும் என்று இரவுக்குள் இரண்டு பேர் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இரக்கப்பட்டு விட்டுவிடாமல் என் வரியை எப்போதும் போலப் பார்த்தீர்கள். அந்தச் சொல்லை இன்னும் எடுக்கவில்லை. எடுக்கலாமா என்று இன்னும் யோசிக்கிறேன். நோட்டில் அதை எழுதியவர் அந்தச் சொல்லைப் பென்சிலில் எழுதியிருக்கிறார். அதையும் பார்த்தேன்.

உங்களுக்குப் பதிலுக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது என் தொழில்தான். ஆளுக்கு ஒன்று என்று பதினாறு கல் போட்டிருக்கிறேன். எல்லாம் ஒரே பூ, நிறம் மட்டும் வேறு வேறு. ஈப்போ அக்காவுக்கு மழை நாள் வானத்தின் சாம்பல், ஆச்சிக்கு அவர் வீட்டு வளவில் இருக்கிற அதே பச்சை. நேற்று தொட்டியில் இறக்கினேன், இன்னும் கண்ணாடி விடவில்லை. வந்ததும் வைக்கோல் சுற்றி அட்டைப்பெட்டியில் அனுப்புகிறேன். வழியில் முனை உடைந்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், வேறு செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் வெள்ளிக்கிழமைக்காரன்,
ஆத்தங்குடி