பிரித்தானியாவில் உள்ள யாழ்ப்பாண மருத்துவ பீடப் பழைய மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025

தலைவர் அவர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இது தபாலில் வரும்.

பொங்கல் விருந்து வழக்கம்போல் நடந்தது. கோடைகால ஒன்றுகூடல் மழையால் மண்டபத்துக்குள் நடந்தது. செயற்குழு ஆறு தடவை கூடியது. இரண்டு தடவை போதிய ஆள் இல்லை.

இனி யாழ்ப்பாண மருத்துவ பீட மாணவர்களுக்கு நாங்கள் இங்கிருந்து நடத்தும் இணையவழி ஞாயிறு வகுப்பு. இதை நான் பிடிவாதமாகத் தொடங்கினேன் என்று சிலர் கதைப்பது எனக்குத் தெரியும். சரி, பிடிவாதம்தான். முன்பு நாங்கள் பெட்டி பெட்டியாகச் சாமான் அனுப்பினோம். இருதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பயிற்சிக்கு அனுப்பிய பொம்மைகளுக்கு மாற்று நுரையீரல் பைகளை வைக்க மறந்தோம். நான் அப்போதே கேட்டேன், கூட்டக் குறிப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் கென்யாவின் எல்டொரெட்டில் மோய் பல்கலைக்கழகத்தோடு 1989இல் தொடங்கிய கூட்டு இன்றும் நிலைக்கிறது. அவர்கள் வைத்தியர்களை அங்கேயே குடியிருந்து கற்பிக்க அனுப்பினார்கள். இங்கே லண்டன் கிங்ஸ் காலேஜ் 2000ஆம் ஆண்டிலிருந்து சோமாலிலாந்தோடு சேர்ந்து இயங்குகிறது. இணையவழி வகுப்பும் அதில் உண்டு. குடிபோக எங்களால் முடியாது, ஸூமில் உட்கார முடியும்.

எங்கள் பீடத்தில் இப்போது சிங்கள மாணவர்களும் நிறையப் பேர். படிப்பு ஆங்கிலத்தில், நோயாளி கதைப்பதோ யாழ்ப்பாணத் தமிழில். அதனால் எங்கள் ஆட்கள் நோயாளியாக நடிக்க, மாணவர் விசாரிப்பார். ஓர் அங்கத்தவரின் தாயார், 81 வயது, "தம்பி, இரவிலை முட்டு, படுக்கேலாது" என்றார். மாணவர் கைபேசியில் அகராதி பார்த்து, "அம்மா, எந்த முழங்கால்?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் முட்டு என்றால் மூச்சுத்திணறல். அம்மா சிரிக்கவில்லை. மூச்சை இழுத்து இழுத்துக் காட்டினார். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்ற அடுத்த கேள்வி தானாக வந்தது. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன், தமிழ் கற்று, பாடநூல்களையும் தமிழாக்கினார். எங்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை, தமிழ் கைவசம் இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். வகுப்பு யாழ்ப்பாண நேரம் இரவு எட்டு மணிக்கு. 2024 ஒக்டோபர் 27ஆம் திகதி இங்கே கடிகாரம் பின்னே போனதை அன்றைய விரிவுரையாளர் கவனிக்கவில்லை. இங்கத்தைய நேரம் இரண்டரைக்கு வரவேண்டியவர் பழையபடி மூன்றரைக்கு வந்தார். பதினான்கு பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் இடையில் பாட்டுப் போடாத குறைதான். அதைவிட, பெயர் தந்துவிட்டு வராமல் விட்டவர்கள் ஒன்பது பேர். கடைசி நேரத்தில் நோயாளியும் நானே, விரிவுரையாளரும் நானே என்று ஆன நாட்கள் உண்டு.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, கவலைப்படும் அளவுக்கு இல்லை என்று அவர் சொல்கிறார். சந்தா 60 பவுண்டு. பாதிப் பேருக்கு மேல் கட்டவில்லை. இலங்கையின் இலவசக் கல்வியில் ஒரு சதமும் கட்டாமல் வைத்தியரானவர்கள் நாங்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு அங்கிருந்து வைத்தியர்கள் வெளியேறியதைப் பற்றி விருந்தில் வருத்தப்படுகிறோம், நாங்களும் அப்படி வந்தவர்கள்தான்.

மண்டபம் தந்தவர்கள், சமையல் செய்த சகோதரிகள், கணக்காய்வாளர் எல்லோருக்கும் நன்றி. அந்தத் தாயாருக்குத் தனி நன்றி.

அடுத்த ஆண்டும் செயலாளராக இருப்பேனா என்று தலைவர் கேட்டார். யோசிக்கிறேன் என்றேன். அதற்கிடையில், வருகிற ஞாயிறு பிற்பகல் இரண்டரைக்கு மூட்டுவலி வகுப்பு. நோயாளி இன்னும் கிடைக்கவில்லை. இந்த மண்டபத்தில் பலருக்கு நடிக்கவே தேவையில்லை; பெயர்த்தாள் வாசலில் இருக்கிறது, சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகமும் பக்கத்திலேயே.

செயலாளர்