உன் மகளுக்குக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது குறித்து

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுகிறேன் என்று நீ கோபித்துக்கொண்டிருப்பாய். நீ கேட்ட கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர்களிடம் விசாரித்து, படிக்க வேண்டியதைப் படித்துவிட்டு எழுதலாம் என்று இருந்துவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நம் பழைய மொட்டை மாடித் தோழிகளில் இருவர் வந்து போனார்கள். பொழுது முழுவதும் உன் பேச்சுத்தான். அதை நேரில் சொல்கிறேன்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் நேரே வணிக மேலாண்மைதான் படிப்பேன் என்று உன் மகள் பிடிவாதமாக இருப்பதாகவும், எந்தக் கல்லூரி முதலிடம் என்று மட்டும் நான் சொன்னால் போதும், மற்றதை நீயே பார்த்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தாய். நூலகத்தில் அட்டையைப் பார்த்தே புத்தகம் எடுத்தவள் அல்லவா நீ! இந்த விஷயத்தில் அந்தப் பழக்கம் உதவாது. வணிகமும் மேலாண்மையும் கற்பிக்கும் வணிகப் பள்ளிகள் என்றதும் நம் நினைவுக்கு வரும் பெயர்கள் பெரும்பாலும் எம்.பி.ஏ. என்ற மேற்படிப்பால் புகழ்பெற்றவை. ஹார்வர்டு வணிகப் பள்ளியோ ஸ்டான்ஃபோர்டு வணிகப் பள்ளியோ பள்ளி முடித்து வரும் பிள்ளைக்கு இளநிலைப் பட்டம் தருவதில்லை. இளநிலை வணிகப் படிப்புகளுக்கென்று அமெரிக்காவில் யு.எஸ். நியூஸ் என்ற ஊடக நிறுவனம் வெளியிடும் தரவரிசைப் பட்டியல், மற்ற கல்லூரிகளின் டீன்களும் மூத்த பேராசிரியர்களும் தரும் மதிப்பெண்களை மட்டுமே கொண்டு தயாராகிறது. கல்வியாளர்கள் ஒரு கல்லூரியை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அது பயன்படும். முதலாண்டு மாணவிக்குக் கணக்குப்பதிவியலை யார் நடத்துவார், வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள், பயிற்சிப்பணி தேடும்போது யார் துணை நிற்பார் என்றெல்லாம் அதில் தேடினால் கிடைக்காது.

மூன்று அங்கீகாரங்களையும் பெற்ற கல்லூரி என்ற விளம்பரமும் உன் கண்ணில் பட்டிருக்கும். 1916இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ.சி.எஸ்.பி., ஐரோப்பாவின் ஈக்விஸ், இங்கிலாந்தின் ஆம்பா ஆகிய மூன்றையும்தான் அப்படிச் சொல்கிறார்கள். முதலிரண்டும் வணிகப் பள்ளி முழுவதையும் ஆராய்ந்து தரப்படுபவை; ஆகவே அவற்றைப் பார்ப்பது நல்லது. ஆம்பா எம்.பி.ஏ. போன்ற மேற்படிப்புகளை மதிப்பிடுவது. அது இல்லையென்று உன் மகள் ஒரு நல்ல கல்லூரியை ஒதுக்கிவிட வேண்டாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது வேறு, அந்தப் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் இடம் கிடைப்பது வேறு. பெரும்பாலான பெற்றோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1881இல் ஜோசப் வார்ட்டன் என்ற தொழிலதிபரின் நன்கொடையால் உருவான வார்ட்டன் பள்ளி, இளநிலை மாணவர்களை முதலாண்டிலேயே நேரடியாகச் சேர்த்துக்கொள்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் உள்ள ஹாஸ் பள்ளியிலோ, பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள் இரண்டாமாண்டில் மறுபடி விண்ணப்பித்து, தேர்வானால்தான் மூன்றாமாண்டில் உள்ளே போக முடியும் என்ற முறை நெடுங்காலம் இருந்தது. 2024இலிருந்துதான் அங்கே முதலாண்டிலேயே சேரும் நான்காண்டுப் படிப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. வேறு பல பல்கலைக்கழகங்களில் இரண்டு முறைகளும் அருகருகே இருக்கின்றன: ஒரு பகுதியினருக்கு நேரடி இடம், மற்றவர்கள் நுண்கணிதம், பொருளியல், கணக்குப்பதிவியல் ஆகியவற்றில் குறிப்பிட்ட மதிப்பெண் பெற்ற பிறகு மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும்.

என் அண்ணன் மகளுக்கு நடந்ததை உனக்கு இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அனுமதிக் கடிதம் வந்த அன்று வீடே கொண்டாடியது. வணிகப் பள்ளிக்குத் தனியாக விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும் என்பது அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாண்டி யாரும் படிக்கவில்லை. முதலாண்டில் புது ஊர், புது மொழிப் பழக்கம், உடல்நலக் குறைவு எல்லாம் சேர்ந்து நுண்கணிதத்தில் மதிப்பெண் சரிந்தது. இரண்டாமாண்டு விண்ணப்பத்தை அவர்கள் ஏற்கவில்லை. விரும்பிப் போன படிப்பு அடுத்த கட்டடத்தில் நடக்க, இவள் வேறொரு துறையில் அமர்ந்திருந்தாள். புள்ளியியலுக்கு மாறி இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்த ஆண்டு அவள் தொலைபேசியில் பேசிய குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. உன் மகளை அந்த நிலையில் பார்க்க நான் விரும்பவில்லை.

ஆகையால் ஒவ்வொரு கல்லூரிக்கும் அவளே எழுதிக் கேட்கட்டும். நேரடியாகச் சேர்ப்பீர்களா, பின்னர் மறுபடி விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டுமா, வேண்டுமென்றால் சென்ற ஆண்டு உள்ளிருந்து விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, கிடைக்காதவர்கள் அதே வளாகத்தில் எந்தத் துறைக்குப் போனார்கள் என்று தயங்காமல் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஒரு கல்லூரி மழுப்பினால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு என்றுதான் நான் சொல்வேன். இதில் நான் கண்டிப்பானவள். பதினேழு வயதுப் பெண்ணை இப்படிப்பட்ட நிச்சயமின்மைக்குள் அனுப்புவதென்றால், அது அவளும் நீயும் முழுதாகத் தெரிந்தே எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

கணிதத்தைப் பற்றி அவளிடம் வெளிப்படையாகப் பேசினாயா? கணிதம் பிடிக்காத பிள்ளைகள், வணிகம் என்றால் பேச்சுத்திறமை போதும் என்று நம்பி வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன். வார்ட்டனின் இளநிலைப் பட்டத்துக்கே பொருளியலில் அறிவியல் இளையர் (பி.எஸ்.) என்றுதான் பெயர். இந்தியாவில் 2011இல் இந்தூர் ஐ.ஐ.எம். தொடங்கிய ஐந்தாண்டு ஒருங்கிணைந்த மேலாண்மைப் படிப்பின் நுழைவுத்தேர்விலும் மூன்று பகுதிகளில் இரண்டு கணிதத்திறனைச் சோதிப்பவை. அவளுக்கு மனிதர்களைப் பற்றிய ஆர்வம்தான் பெரிது என்றால் உளவியலோ சமூகவியலோ படித்துவிட்டுப் பின்னர் எம்.பி.ஏ.வுக்கு வரலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை. சேர நினைக்கும் கல்லூரியின் நான்காண்டுப் பாடத்திட்டத்தை அச்சிட்டு அவள் கையில் கொடு. நீ பக்கத்தில் இல்லாதபோது அவள் அதைப் படிக்கட்டும். எந்தப் பாடங்களைக் கண்டதும் அவளுக்கு ஆவல் வருகிறது என்று பிறகு கேள்.

விண்ணப்ப விவரங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிரிட்டனுக்கு, யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக ஐந்து படிப்புகள் வரை குறிப்பிடலாம். மாணவி தன்னைப் பற்றி எழுதும் ஒரே தன்விளக்கம்தான் ஐந்துக்கும் போகும். ஆகவே ஒன்றுக்கு மேலாண்மை, இன்னொன்றுக்குச் சட்டம் என்று கலந்தால் எதற்கும் பொருந்தாத எழுத்தாகிவிடும். 2026 சேர்க்கையிலிருந்து அந்த விளக்கத்தை மூன்று கேள்விகளுக்கான விடைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ‘எர்லி டிசிஷன்’ முறையில் நவம்பர் தொடக்கத்திலேயே விண்ணப்பித்தால் டிசம்பரில் முடிவு தெரியும். ஆனால் இடம் கிடைத்தால் அங்கேயே சேர்கிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறோம். வேறு கல்லூரிகள் எவ்வளவு உதவித்தொகை தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அதோடு போய்விடும். வெளிநாட்டு மாணவர்களுக்கான சேர்க்கையில் பண உதவி தேவையா என்பதையும் பல பல்கலைக்கழகங்கள் கணக்கில் கொள்கின்றன. செலவைப் பற்றி உன் கணவரும் நீயும் அவளை உட்கார வைத்து இப்போதே பேசிவிடுங்கள். அனுமதிக் கடிதம் வந்த பிறகு அந்தப் பேச்சு மிகவும் வலிக்கும்.

ஒரு விஷயத்தில் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். விண்ணப்பக் கட்டுரையை நீ எழுதாதே. வரலாற்று மிஸ் முதல் எல்லோரும் பாராட்டிய கை உன்னுடையது. உனக்கு எழுத வேண்டும் என்று துடிக்கும், அது எனக்குத் தெரியும். பள்ளியில் பழைய பாடப்புத்தகங்களைக் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைமாற்றும் ஏற்பாட்டை அவள் நடத்தினாள் என்று எழுதியிருந்தாயே, அதை அவள் சொல்லட்டும். எந்தப் புத்தகம் தேங்கியது, யாரிடம் பணம் கேட்கத் தயங்கினாள், கணக்கு ஏன் ஒரு மாதம் ஒத்துவரவில்லை என்பதெல்லாம் அவளுக்கு மட்டுமே தெரியும். தலைமைப் பண்பு, தொலைநோக்கு என்று நீ சேர்க்கும் சொற்கள் அவளை மறைத்துவிடும். பரிந்துரைக் கடிதத்துக்கும் பதவியில் பெரியவரைத் தேடிப் போகாதே. அவளுடைய வகுப்பறையை நன்றாகப் பார்த்த ஆசிரியரிடம் கேட்டால் போதும்.

அவள் எழுதும் முதல் வரைவை, நீ படிப்பதற்கு முன்பே, எனக்கு நேராக அனுப்பச் சொல். பிழை திருத்த மாட்டேன். புரியாத இடங்களில் கேள்வி மட்டும் கேட்டுத் திருப்பி அனுப்புகிறேன். அவள் பார்த்து வைத்திருக்கும் கல்லூரிகளின் பட்டியலும், ஒவ்வொன்றிலும் நேரடிச் சேர்க்கையா இல்லையா என்ற குறிப்பும் அதோடு வரட்டும். நவம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று விட்டுவிடாதே.

பெரியவனுக்கு என் அன்பு. உடனே பதில் எழுது.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழி