செயலாளரின் ஆண்டறிக்கை: வயலில் இறங்கும் கிளைடர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்கள் என்பதில் மகிழ்ச்சி. நூலகத்துக்கு அலமாரி வாங்கியிருக்கிறோம். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது, என்ஜின் விசையின்றி மிதந்து பறக்கும் விமானமான கிளைடர், புறப்பட்ட களத்துக்குத் திரும்ப முடியாமல் வெளியே வயலில் இறங்கும்போது நேரும் விபத்துகளைப் பற்றித்தான்.

காற்று அசையாத நாளில் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து நவீன கிளைடர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போகும். எதிர்காற்றும் கீழிறங்கும் காற்றும் சேர்ந்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும். அதனால்தான் 2,000 அடியில் பகுதியையும், 1,500 அடியில் வயலையும் தேர்ந்துவிட்டு, 1,000 அடியில் இறங்கும் சுற்றைத் தொடங்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 'இன்னொரு தெர்மல் (கிளைடரை மேலே தூக்கும் வெப்பக் காற்று) கிடைக்காதா' என்று 500 அடி வரை காத்திருப்பவருக்கு வயலைப் பார்க்கவே நேரம் இருக்காது. அவசரமாக, வேகம் குறைந்த நிலையில் திருப்புவார். ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்து, கிளைடர் சுழன்றால் மீட்க உயரம் போதாது. உயிர் போவது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில்தான். மோட்டார் உள்ள கிளைடருக்கும் இது பொருந்தும்: வயலைத் தேர்ந்த பிறகே, உள்ளே மடங்கியிருக்கும் மோட்டாரை வெளியே எடுக்க வேண்டும். அது கிளம்பாமல் நின்றால் கிளைடர் இன்னும் வேகமாக உயரம் இழக்கும்.

நம் புனே பக்கத்து நிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹடப்சர் களத்தைச் சுற்றிக் கட்டடங்கள் அடர்ந்துவிட்டன. கிழக்கே போனால் கரும்பு. உயர்ந்த பயிரில் ஒரு பக்க இறக்கை சிக்கினால் கிளைடர் அப்படியே திரும்பிவிடும். அறுவடை முடிந்த நிலம் நல்லது, ஆனால் வரப்புகள் உண்டு. சரிவு மேலிருந்து தெரியாது. மின்கம்பியும் தெரியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும். கிணறும் மோட்டார் கொட்டகையும் இருந்தால் கம்பி வந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கிளைடர் தாழ்வதைப் பார்த்ததுமே பிள்ளைகள் ஓடிவருவார்கள். ஊரை ஒட்டிய வயல் வேண்டாம்.

கனடாவின் கிம்லியில் நடந்த சம்பவத்தை ஒரு கூட்டம் முழுக்கப் பேசினோம். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 பயணிகள் விமானத்தின் என்ஜின்கள் நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றன. கேப்டன் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். உயரம் குறையும் வேகத்தைக் கணக்கிட்ட துணை விமானி மோரிஸ் கின்டல், வின்னிபெக் விமான நிலையம் எட்டாது என்று கண்டு, தான் முன்பு பணிபுரிந்த கிம்லி பழைய விமானத்தளத்தைச் சொன்னார். 69 பேரும் உயிர் தப்பினார்கள். விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்த பியர்சனின் திறமையை எல்லோரும் புகழ்கிறார்கள், சரிதான். ஆனால் வின்னிபெக்கை உரிய நேரத்தில் கைவிட்டதைத்தான் நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

நம்மில் யாராவது வயலில் இறங்கினால் கேலி பேசுகிறோம். கிளைடரை ஏற்றி வரும் டிரெய்லர் செலவும் அவர் தலையில் விழுகிறது. இந்த இரண்டுக்கும் பயந்தே ஒருவர் எப்படியாவது களத்தை எட்டிவிடப் பார்ப்பார். ஆகவே ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன்: டிரெய்லர் செலவையும் விவசாயிக்குத் தர வேண்டிய பயிர் இழப்பீட்டையும் இனி சங்க நிதியே ஏற்க வேண்டும். இதற்குச் சந்தாவைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கும். உறுப்பினர்கள் ஆதரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.